செயற்கை கிறிஸ்துமஸ் மரத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அவசரம்

மழைக்காகிதம்
வணக்கம். பரணிலிருந்து மரத்தை இறக்கி மாட்டியாச்சு. லைட்டும் எரிகிறது. ஆனால் கிளையைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறது. என் கணவர் தொட்டுப் பார்த்து ஒன்றும் இல்லையே என்கிறார். எனக்கு மட்டும்தான் அடிக்கிறது. சின்னப் பிள்ளை இருக்கும் வீடு. எப்படிச் சரிசெய்வது? சாயங்காலத்துக்குள் சொன்னால் நல்லது.

மூன்றாம்பின்
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, சாக்கெட்டிலிருந்தே உருவிவிடுங்கள். அப்புறம் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். லைட் மரத்தோடு வந்ததா, நீங்கள் தனியாகச் சுற்றியதா? பல்பா, எல்.இ.டி.யா? பிளக் பக்கத்தில் அடாப்டர் டப்பா இருக்கிறதா, ஒயர் நேராகப் பிளக்குக்குள் போகிறதா? மரம் பச்சை பிளாஸ்டிக்கா, பளபளக்கும் அலுமினியமா?

தூசிதட்டி
இது ஸ்டாட்டிக்தான், பயப்படாதீங்க. அந்த இலை எல்லாம் பி.வி.சி. தாளை நறுக்கிச் செய்தது. மடித்து, விரித்து, தேய்த்து மாட்டும்போது மின்னேற்றம் ஏறும். காற்று வறண்டிருந்தால் இன்னும் அதிகம். ஈரத்துணியால் ஒருதரம் துடைத்துவிடுங்கள், வருடக்கணக்கான தூசியும் போகும்.

மூன்றாம்பின்
ஈரத்துணியா! பிளக்கைப் பிடுங்கினார்களா என்றே இன்னும் தெரியவில்லை. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.
ஸ்டாட்டிக் என்றால் 'பட்' என்று ஒருதரம் அடித்து ஓய்ந்துவிடும். உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. விரலை வைத்திருக்கும் வரை ஊர்கிற மாதிரி, அதிர்கிற மாதிரி இருந்தால் அது கசிவு மின்சாரம். மழைக்காகிதம், உங்களுக்கு எது?

வோல்ட்டாயுதம்
கேள்வி கேட்கும் முன் என்னென்ன விவரம் தர வேண்டும் என்று உச்சியில் ஒரு பதிவு ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரும் அதை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.
சரி, விஷயத்துக்கு வருவோம். அடாப்டருக்குள் மின்காந்த இரைச்சலை அடக்க ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் வெளிப்பக்கம் கசியும். உலோகத்தை லேசாக வருடினால் விரல் நுனியில் உணரலாம். ஆபத்து கிடையாது. இதற்குப் போய் அவசரம் என்று தலைப்பு.

பழையபல்பு
அடாப்டர் இருப்பதாக அவர் எங்கே சொன்னார்?
எனக்கு வேறு சந்தேகம். அக்கா, எத்தனை பல்பு எரியவில்லை என்று எண்ணிப் பாருங்கள். பழைய குட்டி பல்பு செட்டில் எல்லாம் தொடர் இணைப்பு. ஒரு பல்பின் இழை அறுந்தால் அதன் அடியில் சுற்றிய மெல்லிய ஷன்ட் கம்பி ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்திவிடும், மற்றவை எரிந்துகொண்டே இருக்கும். எரிகிறதே என்று விட்டால் மிச்ச பல்பு ஒவ்வொன்றுக்கும் வோல்ட் கொஞ்சம் கூடும், சூடு கூடும், அடுத்தது போகும். அந்தச் சூட்டில்தான் ஹோல்டர் பிளாஸ்டிக் உருகி, கம்பி கிளையைத் தொட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

மழைக்காகிதம்
பிடுங்கியாச்சு. மரத்தோடு வந்த லைட்தான். அடாப்டர் இல்லை, சின்னப் பச்சைப் பெட்டி ஒன்று ஒயரிலேயே இருக்கிறது, அமுக்கினால் விதவிதமாக மின்னும். நடுவில் ஒரு வரிசை எரியவில்லை. பச்சை மரம். பிடுங்குவதற்கு முன்னால் டெஸ்டர் வைத்துப் பார்த்தோம், லேசாக எரிந்தது.

மூன்றாம்பின்
நன்றி, இப்போது படம் தெளிகிறது. அந்தப் பச்சைப் பெட்டி அடாப்டர் இல்லை, மின்ன வைக்கும் கன்ட்ரோலர். அப்படியானால் சுவரிலிருந்து வரும் முழு வோல்ட்டும் அப்படியே மரத்துக்குள் ஓடுகிறது.
வெளியே பார்க்கத்தான் பிளாஸ்டிக் மரம். கிளையின் நடுவே முறுக்கிய எஃகுக் கம்பி போகும், அந்த முறுக்குக்குள்தான் இலைகளைச் செருகியிருப்பார்கள். நுனியை உற்றுப் பாருங்கள், வெட்டிய கம்பி முனை துளி தலைகாட்டும். அடியில் கிளை கீலில் மாட்டி, கீல் தண்டில் மாட்டியிருக்கும், தண்டும் இரும்பு. எங்கோ ஓரிடத்தில் ஒயரின் உறை போய்க் கம்பியைத் தொட்டால் போதும், உச்சி முதல் அடி வரை எந்தக் கிளையிலும் ஷாக் வரலாம்.
இனி பிளக்கைச் சொருகவே வேண்டாம். மறுபடி தொட்டுப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.

எதிர்க்கேள்வி
கணவருக்கு மட்டும் ஏன் அடிக்கவில்லை? இதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே. அவர் செருப்புப் போட்டிருந்தாரா?

மழைக்காகிதம்
ஆமாம், ரப்பர் செருப்பு. நான் வெறுங்கால்.

வோல்ட்டாயுதம்
அடாப்டர் இல்லை என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் எல்லார் நேரமும் மிச்சமாகியிருக்கும். இன்சுலேஷன் பழுது என்பது இப்போது வெளிப்படை. வீட்டில் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருந்தால் அது விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்பதால் கசிவு அற்பம்.

மூன்றாம்பின்
இதை மட்டும் அப்படியே விட முடியாது. மரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கால், பிளக்கில் எர்த்துக்கான மூன்றாம் பின் கிடையாது. தண்டில் மின்சாரம் ஏறினாலும் அது பூமிக்குப் போக வழி இல்லை. வழி இல்லாதபோது ஆர்.சி.சி.பி. எதைப் பார்த்து விழும்? முதல் வழி தொடுகிற ஆள்தான். வீட்டில் பொருத்துவது வழக்கமாக 30 மில்லியாம்பியரில் விழும் வகை. ஒரு மில்லியாம்பியர் சுற்றளவிலேயே மனிதருக்குச் சுருக்கென்று தெரிந்துவிடும், பத்துக்கு மேலே போனால் பிடித்த கையை விடுவிக்கவே சிரமப்படும் ஆட்கள் உண்டு. இவருக்கு லேசாக அடித்ததற்குக் காரணம் தரையும் தோலும் உலர்ந்திருந்தது. ஈரக் காலோடு பிள்ளை வந்து பிடித்தால் கணக்கு வேறு.

எதிர்க்கேள்வி
அப்படியென்றால் தண்டில் ஒரு எர்த் ஒயரைக் கட்டிவிட்டால்? பழுது வந்தவுடன் ஆர்.சி.சி.பி. விழும், யாரும் தொட வேண்டியதில்லை.

பழையபல்பு
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது சகோ. ஆனால் அறுந்த ஒயர் அங்கேயேதானே இருக்கும்? தண்டு முழுக்கப் பெயின்ட், கீல் எல்லாம் லொடலொட. எந்தக் கிளை தண்டோடு சரியாகத் தொடர்பில் இருக்கிறது என்று யார் சொல்வது?

எதிர்க்கேள்வி
ஒன்றுமில்லாததற்கு இது மேல் இல்லையா?

மூன்றாம்பின்
இல்லை. எர்த் கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் மறுபடி பிளக்கைச் சொருகுவார்கள். மழைக்காகிதம், அதைச் செய்யாதீர்கள். பழுது எங்கே என்று இப்படித் தேடுங்கள். பிளக் சுவரில் இல்லை என்று இன்னொருமுறை பார்த்துவிட்டு, மரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். ஒரு தண்டு இன்னொன்றுக்குள் சொருகும் வாய், கிளை மடங்கும் கீல், ஒயரை இறுக்கிக் கட்டிய கிளிப். எரியாத வரிசை நடுவில் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

வோல்ட்டாயுதம்
கண்ணால் எதற்குத் தேட வேண்டும்? மல்டிமீட்டர் என்று ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு முனை பிளக் பின்னில், மறுமுனை தண்டில். அளவு காட்டாவிட்டால் மரம் சுத்தம்.

மூன்றாம்பின்
பல்பு செட்டில் ஓரளவுக்கு நம்பலாம், இழை வழியாக எல்லாம் தொடர்பில் இருக்கும். எல்.இ.டி. செட்டில் மீட்டரின் குட்டி வோல்ட் கன்ட்ரோலரையும் டயோடு வரிசையையும் தாண்டாது, பழுது இருந்தும் 'சுத்தம்' என்று காட்டலாம். சரியான சோதனைக்கு 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர் வேண்டும், அது மின்பணியாளரிடம் இருக்கும். தண்டில் பெயின்ட் மேலேயே முனையை வைத்துவிட்டு 'சுத்தம்' என்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கறுப்புப்பூனை
இவ்வளவு பயம் எதற்கு? எங்கள் மரத்துப் பெட்டியில் 'தீப்பிடிக்காதது' என்றே போட்டிருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கும், பாருங்கள்.

தூசிதட்டி
ஷாக்குக்கும் தீக்கும் என்ன சம்பந்தம் பூனை? அதோடு, சுலபத்தில் பற்றாது என்பதுதான் அதற்குப் பொருள். எரியவே எரியாது என்று இல்லை.

வோல்ட்டாயுதம்
பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணையும். அடிப்படை வேதியியல்.

தூசிதட்டி
அணையட்டும். அதுவரை எரிந்ததில் கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் என்ன செய்யும் என்பதும் வேதியியல்தானே? இப்போது வரும் நிஜ இலை மாதிரி வார்த்த மரங்களில் பாலிஎதிலீன் கலக்கிறார்கள். தீத்தடுப்பு சேர்க்காத பாலிஎதிலீன் உருகிச் சொட்டிச் சொட்டி எரியும். தீத்தடுப்பு மரம் என்றாலும் ஹீட்டருக்கு ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், வாசல் வழியை மறிக்கக் கூடாது, தூங்கும் முன் அணைக்க வேண்டும். இன்னொன்று, மிகப் பழைய பி.வி.சி. மரமாக இருந்தால் நிலைப்படுத்த ஈயச் சேர்மம் சேர்த்திருப்பார்கள். இலை நொறுங்கி உதிரும் மரத்தைப் பிள்ளைகள் கைக்குத் தராதீர்கள், தொட்டபின் கை கழுவுங்கள். உங்கள் மரம் எவ்வளவு பழசு?

கறுப்புப்பூனை
அப்போ வெட்டிய நிஜ மரமே மேல் என்கிறீர்களா?

தூசிதட்டி
நான் எங்கே சொன்னேன்? நிஜ மரம் தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிட்டால் பற்றும் வேகத்துக்கு எந்தப் பிளாஸ்டிக்கும் ஈடு கிடையாது.

பழையபல்பு
காய்ந்த மரத்தில் நிஜ மெழுகுவத்தி ஏற்றிய காலமும் இருந்ததே. 1882ல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு மாட்டியபோது அது செய்தியே ஆனது. மெழுகுவத்தியிலிருந்து தப்பித்தோம் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பின்னால் வந்த அலுமினிய மரத்தில் லைட்டைச் சுற்றவே கூடாது என்றார்கள், தரையில் ஒரு விளக்கை வைத்து அதன் முன்னால் வண்ணச் சக்கரத்தைச் சுழல விட்டார்கள். காரணம் இந்த இழையில் பேசிக்கொண்டிருப்பதேதான், உறை போன ஒரே ஒரு ஒயர்.

வோல்ட்டாயுதம்
வரலாற்று வகுப்பு முடிந்ததென்றால் கேள்வி கேட்டவரைத் தேடலாமா?

எதிர்க்கேள்வி
எர்த் விஷயத்துக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

மழைக்காகிதம்
பிரித்துப் பார்த்தோம். நடுத்தண்டு கீழ்த்தண்டுக்குள் சொருகும் வாயில் ஒயர் நசுங்கி, பச்சை உறை கிழிந்து, செம்பு தெரிகிறது. டேப் சுற்றினால் போதுமா?

மூன்றாம்பின்
வேண்டாம். ஓரிடத்தில் செம்பு தெரிந்தால் அதே மாதிரி மடிபட்ட வேறு இடங்களும் இருக்கும். டேப் நாளாக நாளாகப் பசை விட்டு நழுவும், அடுத்தமுறை மரத்தை மடிக்கும்போது அதே வாயில் மறுபடி சிக்கும். மரத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, லைட்டை மட்டும் முழுக்கக் கழற்றி எறியுங்கள். கிளிப்புகளை வெட்டும்போதும் பிளக் வெளியேதான் இருக்க வேண்டும். பதிலுக்கு அடாப்டர் வைத்த, 24 அல்லது 31 வோல்ட் மாதிரிக் குறைந்த வோல்ட் எல்.இ.டி. செட்டாகப் பார்த்து வாங்குங்கள். அடாப்டர் உயரத்தில், பிள்ளைக்கும் தண்ணீருக்கும் எட்டாமல் இருக்கட்டும். ஒயரைத் தண்டின் வெளிப்பக்கமாகக் கொண்டுபோங்கள், சொருகும் வாயைத் தாண்டும் இடத்தில் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். கம்பளத்துக்கு அடியில் ஓட்ட வேண்டாம், ஆணி அடித்தும் பிடிக்க வேண்டாம்.

கறுப்புப்பூனை
புதுச் செட்டோடு ரிமோட் வந்தால் அதன் மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். உள்ளே பட்டன் செல் இருக்கும். பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும். பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் அதே செல்தான்.

மழைக்காகிதம்
பழைய லைட்டை வெட்டி எடுத்தாச்சு. அடாப்டர் செட் மாட்டியாச்சு. ஷாக் இல்லை. எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக மூன்றாம்பின் அண்ணாவுக்கு.

வோல்ட்டாயுதம்
இன்சுலேஷன் பழுது என்று நான் சொன்னதுதான் கடைசியில் வந்திருக்கிறது. தீர்ந்தது என்று தலைப்பில் குறியுங்கள்.

தூசிதட்டி
மரம் எவ்வளவு பழசு என்று கேட்டிருந்தேனே அக்கா?

எதிர்க்கேள்வி
எர்த்?

நடுக்கிளை
இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மரம் ஷாக் எல்லாம் அடிக்கவில்லை, ஆனால் பூனை ஏறினால் சாய்கிறது. ஸ்டாண்டில் செங்கல் வைக்கலாமா?

கறுப்புப்பூனை
செங்கல் மட்டும் போதாது. தண்டின் மேல்பாதியில் தூண்டில் நரம்பு கட்டிச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டுங்கள், கனமான பொம்மைகளைக் கீழே தண்டை ஒட்டித் தொங்கவிடுங்கள். ஜிகினா இழை இருந்தால் முதலில் அதை எடுங்கள். பூனை விழுங்கினால் குடலில் சுருக்குப் போட்டு அறுவைச் சிகிச்சை வரை போகும்.

வோல்ட்டாயுதம்
தனி இழை தொடங்கவும்.