எட்டணாப் புத்தகமும் ஒரு டபரா காபியும்

குழு: பெரிய வீடு

வித்யா, 4:41
கும்பகோணத்துல பத்திரிகை வச்சு முடிச்சாச்சு. பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, மகாமகக் குளத்துப் பக்கம் நடந்தேன். ஒரு சந்துல காபிக்கொட்டை வறுக்குற வாசம். எட்டிப் பாத்தா பழைய ஓட்டு வீடு. கூடத்துல நாலு மேசை போட்டுக் காபி, ரேழி முழுக்கப் பழைய புத்தகம். எல்லாம் விலைக்குத்தான்.

வித்யா, 4:42
[படம்] [படம்]

அம்மா, 4:44
சாப்பிட்டியா? காபி எப்படி?

வித்யா, 4:46
சாப்டேம்மா. பித்தளை ஃபில்டர், முதல் டிகாஷன். டபரா சுட்ட சூட்டுக்குத் துப்பட்டாவால புடிச்சு ஆத்துனேன். முற்றத்து வெளிச்சம் விழுற இடத்துல ஒரு சாய்வு நாற்காலி. எழுந்திரிக்கவே மனசு வரல.

வித்யா, 4:52
பெரியப்பா, இதுல அட்டை இருக்கு, முதல் தாள் இல்ல. எந்த வருஷத்துப் புத்தகம்னு கண்டுபிடிக்க முடியுமா? [படம்]

பெரியப்பா, 4:55
பின்னட்டையில விலை போட்டிருக்காம்மா?

வித்யா, 4:55
ரூ. 0-8-0

பெரியப்பா, 4:58
எட்டணா. ரூபா, அணா, பைன்னு போடுவாங்க. 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபா. நூறு காசுக் கணக்கு 1957 ஏப்ரல் 1லதான் வந்துச்சு. ஆக, அதுக்கு முந்தின புத்தகம். ‘ந.பை.’னு இருந்தா நயா பைசா, அது 57லேர்ந்து 64 வரைக்கும்.

கார்த்தி, 5:00
விலையும் கிழிஞ்சு போயிருந்தா?

பெரியப்பா, 5:07
அச்சகத்து விலாசத்தப் பாரு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ல வந்தது. அது போட்டிருந்தா அதுக்குப் பிந்தினது. அப்புறம் எழுத்து. ‘லை’, ‘னை’க்கு முன்னாடி யானைத் துதிக்கை மாதிரி வளைவு இருந்தா பழைய எழுத்து. 1978ல எம்.ஜி.ஆர் ஆட்சியில, பெரியார் சொன்ன சீர்திருத்தத்த அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அப்புறமும் சில அச்சகத்துல பழைய ஈய எழுத்தையே வச்சு ஓட்டுனாங்க, அதனால இத மட்டும் நம்பிடக் கூடாது. நான் துதிக்கை போட்டுத்தான் எழுதிப் பழகுனேன். இப்பவும் கை அப்படித்தான் போவுது.

வித்யா, 5:09
துதிக்கை இருக்கு பெரியப்பா!! எல்லா ‘லை’யிலயும்!

வித்யா, 5:16
இன்னொண்ணு கிடைச்சிருக்கு. கல்கி பத்திரிகையில வந்த பொன்னியின் செல்வன், வாராவாரம் கிழிச்சுச் சேத்து வீட்டுல தச்சு பைண்டு பண்ணினது. மணியம் வரைஞ்ச படமெல்லாம் அப்படியே இருக்கு. ஒரு அத்தியாயம் முடியுற பக்கத்துக்குப் பின்னால பாதி சோப்பு விளம்பரம். தைச்ச நூல் சிவப்பு. அட்டைக்குப் பழைய புடவைத் துணி ஒட்டியிருக்காங்க.

பெரியப்பா, 5:18
1950லேர்ந்து 54 வரைக்கும் வந்த கதை. அப்பல்லாம் தெருவுக்கு ஒரு பிரதி வந்தாலே பெருசு. ஒருத்தர் படிக்க நாலு பேர் கேப்பாங்க.

சித்ரா அத்தை, 5:31
அந்தப் படத்தையே பாத்துக்கிட்டிருக்கேன். நம்ம வீட்டுலயும் இதே மாதிரி இருந்துச்சு வித்யா. அப்பாயி தச்சது. கோணி ஊசியும் பந்தல் நூலும் வச்சு, மத்தியானம் எல்லாரும் தூங்குறப்ப. வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப இடம் அடைக்குதுன்னு பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுட்டோம். எடுத்துக் குடுத்தது நான்தான். அப்பாயி ஒரு வார்த்தை சொல்லல. திண்ணையில உக்காந்து தராசையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அம்மா, 5:33
யாருக்குமே அப்பத் தெரியலியே சித்ரா.

சித்ரா அத்தை, 5:34
தெரியல அண்ணி. ஆனா அந்த மொகம் மறக்கல.

வித்யா, 5:36
அத்தை, இங்க கடை பாக்குற அம்மா சொன்னாங்க, இதெல்லாம் பழைய பேப்பர் கடைகள்லேர்ந்து பொறுக்கி எடுத்ததாம். கரையான் புடிச்சதத் தனியா வச்சிடுறாங்க. ஒவ்வொண்ணா தூரிகையால தட்டித்தான் அலமாரியில ஏத்துறாங்க. தைச்சத நான் வாங்கிட்டேன். உங்களுக்குத்தான்.

பெரியப்பா, 5:39
நல்ல காரியம் பண்ணுன. பழசத் தேடிப் போறது அந்த ஊருக்குப் புதுசு இல்ல. உ.வே.சா. 1880ல அங்க காலேஜுக்குத் தமிழ் வாத்தியாரா வந்தவர்தான். முன்சீபா, அதாவது ஜட்ஜா இருந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணிக் காப்பியத்தப் பத்திக் கேக்கப் போய், ஏடு தேடித் தேடி 1887ல அச்சுல கொண்டாந்தார்.

சித்ரா அத்தை, 5:48
வித்யா, ஒண்ணு சொல்லணும். எடைக்குப் போட்டது அலமாரியில இருந்தத மட்டும்தான். பரண்ல ஒரு ட்ரங்குப் பெட்டி அப்படியே கெடக்கு. அதுலயும் புத்தகம்னு அப்பாயி சொல்லிருக்கு. சாவி எங்கிட்டதான் இருக்கு.

கார்த்தி, 5:48
ஞாயித்துக்கிழமை வரேன் அத்தை. ஏணி நான் போடுறேன்.

வித்யா, 5:49
நானும்!

பெரியப்பா, 5:54
நான் வர்ற வரைக்கும் தெறக்க வேணாம். பூச்சி இருந்தா மத்த புத்தகத்துக்கும் தாவும், முற்றத்துல வச்சுத்தான் தெறக்கணும். வெயில்ல காய வைக்காதீங்க, தாள் மொறுமொறுன்னு ஒடிஞ்சிரும், நிழல்ல காத்து பட்டாப் போதும். கிழிஞ்ச எடத்துல செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை பழுப்பாகித் தாளத் தின்னுடும். கார்த்தி, வர்றப்ப கொஞ்சம் வசம்பு வாங்கிட்டு வா.

சித்ரா அத்தை, 5:56
வெள்ளை வேட்டி ஒண்ணு தொவச்சு வைக்கிறேன், கீழ விரிக்க. வித்யா, அந்தச் சிவப்பு நூலக் கிட்டக்க வச்சு இன்னொரு படம் அனுப்பு.