புலிவரி இருந்தால் போதுமா?

பரண்வாசி: மைசூரில் ஒரு வியாபாரியிடம் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று பார்த்தேன். குழல் நெடுக வெள்ளியில் புலிவரி, கட்டையிலும் வெள்ளி வேலைப்பாடு. திப்பு சுல்தானுடையதாம். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆனாலும் வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்.

துருவாண்டி: தம்பி, பொறுங்கள். புலிவரியைப் பின்னால் யாரும் போட்டிருக்கலாம். தேதி இருக்கிறதா? திப்பு மௌலூதி என்ற தனி ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்து, எண்களையும் வலமிருந்து இடமாக எழுத வைத்தவர். அவர் நாணயங்களில் 1224 என்பது 4221 என்று இருக்கும்.

பரண்வாசி: எழுத்து இருந்த இடம் தேய்ந்துபோயிருக்கிறது அண்ணே. ஆனால் 2019இல் இங்கிலாந்தில் பரணில் கிடந்த திப்பு துப்பாக்கி 60,000 பவுண்டுக்குப் போனதே!

துருவாண்டி: அது 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அங்கிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மேஜர் ஒருவரின் குடும்பச் சொத்து. கைமாறிய கதை தெரியும். உங்கள் வியாபாரிக்கு இது யார் கொடுத்ததாம்?

கந்தகம்: கதையை விடுங்கள், விசையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில், சுத்தி தட்டியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான கேப் வந்ததும் பல சக்கிமுக்கிகளை அதற்கு மாற்றினார்கள். அப்புறம் பழசுக்கு மவுசு கூடியதும் திரும்பச் சக்கிமுக்கியாக்கி விற்றார்கள். விசைத்தகட்டில் துளையை அடைத்த வட்டத் தடம் தெரிகிறதா? பற்றவைக்கும் மருந்தைப் போடும் கிண்ணம் குழலைத் தொடும் இடத்தில் அரிப்பு எப்படி? ஒவ்வொரு வெடிக்கும் அங்கேதான் நெருப்பு சீறும்.

பரண்வாசி: இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன் அக்கா. குழலுக்குள் நெருப்பு போகும் துளையைச் சுற்றி அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. கிண்ணம் மட்டும் நேற்று வாங்கிய எவர்சில்வர் டம்ளர்! சரி, கிண்ணம் புதுசாகவே இருக்கட்டும், அந்த வெள்ளி வேலை பொய்யாகிவிடுமா? நான் வாங்குவது சுடுவதற்கா?

கந்தகம்: இதில் நான் பரண்வாசி கட்சி. நல்ல கைவேலை, யாருடையதாக இருந்தால் என்ன?

துருவாண்டி: கைவேலைக்கான விலையைக் கொடுங்கள், யார் வேண்டாமென்றது? அவர் கேட்பது திப்புவின் பெயருக்கான விலை. சுடக்கூடிய நிலையில் இருந்தால் ஆயுதச் சட்டம் வேறு குறுக்கே வரும், அதையும் விசாரியுங்கள்.

பரண்வாசி: கிண்ணத்தைக் காட்டிப் பாதி விலைக்குக் கேட்டேன் அண்ணே. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இது ஹைதர் அலி காலத்தது சார், இன்னும் பழசு" என்கிறார். விலை ஏறிவிட்டது.