உலக்கை மறுநாளும் நின்றது: பகுத்தறிவும் பக்தியும் ஒரே வீட்டில், உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

நான் சாமி கும்பிடாதவன். மனைவி வீட்டில் எல்லோரும் கும்பிடுவார்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். நிலா நடுவை மறைக்க, சூரியனின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரியும். கோவை, திண்டுக்கல் வழியாகத்தான் அதன் பாதை போனது. நாங்கள் திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் இருந்தோம். மனைவிக்கு ஆறாம் மாதம். முதல் நாள் இரவே அத்தை சொல்லிவிட்டார்: "மாப்ள, எட்டு மணியில இருந்து பதினோரு மணி தாண்டுற வரைக்கும் புள்ள வெளிய வரக்கூடாது, எதையும் சாப்பிடக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது."

பட்டினிதான் எனக்கு உறுத்தியது. வெறும் வயிற்றில் அவளுக்குத் தலை சுற்றும். மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று வீடு ரெண்டுபட்டிருக்கும். "சாப்பிட்டா என்ன ஆகும் அத்தை?" என்று மட்டும் கேட்டேன். "உதடு பிளந்து பொறக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க."

அவருடைய பயம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. பேரப்பிள்ளையின் முகம். உதடு ஒட்டி உருவாவது கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்லி, ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையை எடுத்து, உதடு சரியாக இருக்கிறது என்ற வரியைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சாப்பிடட்டும். வெளிய மட்டும் வேணாம்." மனைவியும் அதுவே போதும் என்றாள்.

ஒன்பதரை மணிவாக்கில் வெயில் மங்கியது. கொல்லையில் வேப்பமரத்தடி சிமென்ட் தரை முழுக்கச் சின்னச் சின்ன ஒளி வளையங்கள். இலைகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளியும் ஊசித்துளை மாதிரி சூரியனின் உருவத்தைத் தரையில் போடுகிறது. காற்றடித்தால் அத்தனை வளையமும் சேர்ந்து ஆடுகிறது. மேலே பார்க்கவே வேண்டியதில்லை. மனைவி உள்ளே ஜன்னலோரம் நின்று பார்த்தாள். அத்தை நிலைப்படி வரை வந்து, "அம்மன் வளையலைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றார். மூன்று நிமிடம் மூவரும் பேசவில்லை.

அதற்கு முன்பே அவர் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார். கிரகணம் இருக்கும் வரைதான் நிற்கும், விட்டால் விழுந்துவிடும் என்பது கணக்கு. மறுநாள் காலை, "இன்னைக்கும் நிறுத்திப் பார்ப்போமா அத்தை?" என்றேன். அவரே நிறுத்தினார். நின்றது. அடிப்பாகம் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "எங்கம்மா இதை மறுநாள் நிறுத்திப் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார். அப்புறம் குளித்துவிட்டு எப்போதும் போல விளக்கேற்றினார்.

மறுமொழி (தஞ்சாவூர்)

எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், பெரியார் தொண்டர். 1964இல் அப்பா அம்மாவுக்குச் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றி உறுதிமொழி சொன்னதோடு சரி. அன்றைக்கு அதற்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது. பிள்ளைகளுக்குச் சொத்துரிமை இருக்காது என்று அம்மாவின் சொந்தக்காரர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில்தான் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்க்கத் திருத்தம் வந்தது. முன்பே நடந்தவையும் செல்லும் என்றானது. அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்து அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

அதே பெட்டியில் அம்மாவின் புடவைக்கு அடியில் ஒரு முருகன் படம் இருந்தது. அப்பா போன பிறகு, அவருக்குத் தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "தெரியும்டி. ஒரு தடவை பெட்டியில பூச்சி வந்து எல்லாத்தையும் வெயில்ல போட்டாரு. படத்தைத் துடைச்சு அதே இடத்துல வச்சாரு." கொள்கையில் அவர் இளகியவர் இல்லை. என் கல்யாணத்துக்கு ஜாதகத்தைத் தொடவே விடவில்லை. ஆனால் அம்மாவின் பெட்டி அம்மாவுடையது.

மறுமொழி (சேலம்)

1995 செப்டம்பர் 21, பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்று ஊரே பேசிய நாள். நான் எட்டாம் வகுப்பு. ஸ்பூனில் உள்ள பால் சிலையின் கல்லைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் பால் வெளியே வந்து மெல்லிய படலமாக வழிந்துவிடும். டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து காட்டினார்கள். நான் பள்ளியில் கேட்டதைப் பாட்டியிடம் சொல்லி, "நீ ஏமாந்துட்ட" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். பாட்டி அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரு குழவிக்கல், ஒரு ஸ்பூன் பால் கொடுத்து அவரையே செய்து பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

மறுமொழி (ராமநாதபுரம், செவிலியர்)

2001 ஆகஸ்ட் 6, தர்கா இருக்கும் ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இந்த வேலைக்கு வரும் யாரும் அதை மறக்க முடியாது. சங்கிலி கூடாது, மருந்து வேண்டும், இதில் எனக்கு மாற்றுப் பேச்சே இல்லை. ஆனால் தர்காவுக்கு வரும் தாயிடம் "இங்கே வராதே" என்றால் அவர் மருத்துவமனைக்கும் வரமாட்டார். பிற்பாடு அங்கேயே மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. "துஆவை விடவேண்டாம், மாத்திரையையும் விடாதீங்க" என்று சொல்லித்தான் நான் கொடுப்பேன். கணக்கு நோட்டில் மாத்திரை எண்ணிக்கை சரியாக வந்தால் எனக்குப் போதும்.

தொடங்கியவரின் மறுமொழி

செவிலியர் எழுதியதைப் படித்ததும் பிரசவ இரவு ஞாபகம் வந்தது. 2020 மார்ச், ஊரடங்கு தொடங்கிய வாரம். ஆபரேஷன் என்று சொல்லிப் படிவத்தை நீட்டினார்கள். பயத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனேன். பக்கத்தில் அத்தை ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் பழனிக்கு முடிந்துகொண்டிருந்தார். அவர் கை நடுங்கியது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எதுக்கு ஆபரேஷன்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டுப் போடுங்க மாப்ள."

கேட்டேன். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினார்கள். போட்டேன். அந்த முடிச்சை என் சட்டைப் பையில் வைக்கச் சொன்னார் அத்தை. வாங்கி வைத்துக்கொண்டேன். கோயில் திறந்த பிறகு பழனிக்கு வண்டி ஓட்டிப் போனதும் நான்தான். கீழே நின்றேன், அவர் மேலே போய் வந்தார்.