நாய் வளர்க்கும் வீட்டில் புல்தரை வட்ட வட்டமாகக் காய்கிறது

கோவைக்காரி: வீட்டு முன்னால் கொரியன் புல் போட்டிருக்கிறோம். எங்கள் பெண் லாப்ரடார் சிறுநீர் கழிக்கிற இடமெல்லாம் தட்டு அளவுக்குக் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடுகிறது, ஆனால் அந்த வட்டத்தைச் சுற்றி மட்டும் புல் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கிறது. பூஞ்சை நோயா? யூரியா போட்டால் சரியாகுமா?

மாடித்தோட்டம்: யூரியா வேண்டவே வேண்டாங்க. சிறுநீரில் இருப்பதும் அதேதான். நடுவில் தழைச்சத்து அளவு மீறிப் புல்லைக் கருக்கிவிடுகிறது, ஓரத்தில் அதுவே நீர்த்துப்போய் உரமாகிறது. பெண் நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் மொத்தமாகப் போவதால் கறை அதிகம். போன உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாள் ஊற்றிப் பெரிய பயனில்லை.

நர்சரி அண்ணன்: கொரியன் புல் பார்க்க அழகு, ஆனால் மெதுவாகத்தான் படரும், காய்ந்த இடம் மூட மாதக்கணக்காகும். அருகம்புல் வகை என்றால் ஓடுதண்டு விட்டுச் சீக்கிரம் மூடிக்கொள்ளும், வெயில் மட்டும் நன்றாக விழ வேண்டும். இப்போதைக்குக் காய்ந்ததைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் விட்டு மண்ணை நன்றாக அலசிவிட்டு, அப்புறம் வேறு ஓரத்திலிருந்து ஒரு துண்டு புல்லை வேரோடு வெட்டி வையுங்கள்.

கோவைக்காரி: சரி. தக்காளிச் சாறு கொடுத்தால் கறை விழாது என்கிறார்களே?

மாடித்தோட்டம்: அதெல்லாம் வேண்டாம். பிரச்சினை அமிலமோ காரமோ இல்லை, தழைச்சத்து. உப்புப் போட்ட சாறு நாய்க்குத்தான் கெடுதல். ஒரு மூலையில் மணல் கொட்டி, காலையில் கயிறு கட்டி நேரே அங்கே கூட்டிப்போங்கள், போனதும் ஏதாவது தின்னக் கொடுங்கள், பழகிவிடும்.