சொல்லாமல் மேலெழுதிய பேட்ச் ஃபைல்: உங்களுக்கும் நடந்ததா?

வேலையிடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோல்டர் என்று மொத்தம் 212 சப்ஃபோல்டர்கள். புதிய விவரப் படிவத்தை எல்லாவற்றிலும் போட வேண்டியிருந்தது. முதல் நாள் கையாலேயே முப்பது ஃபோல்டர்களில் ஒட்டினேன். அதற்குமேல் எதில் போட்டேன், எதை விட்டேன் என்பதே குழம்பிவிட்டது. சரி, விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து மொத்தமாக ஓட்டும் பேட்ச் ஃபைல் ஒன்றை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஃபார் கட்டளையோடு /டி சேர்த்தால் உடனடி சப்ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். அதோடு ஃபைலை நகலெடுக்கும் காப்பி கட்டளையைச் சேர்த்து, முதலில் கமாண்ட் விண்டோவில் நேரடியாக அடித்துப் பார்த்தேன். ஏற்கெனவே படிவம் இருந்த ஃபோல்டர் வந்ததும் மேலெழுதட்டுமா என்று கேட்டு நின்றது. கேட்கத்தானே செய்கிறது என்ற நம்பிக்கையில் அப்படியே நிறுத்திவிட்டு, அதே வரியை பேட்ச் ஃபைலில் வைத்தேன். அங்கே ஃபார் கட்டளையின் மாறிக்கு முன்னால் ஒற்றை % போதாது, %% வேண்டும் என்பது தெரிந்திருந்ததால் அதை மட்டும் மாற்றினேன். ஓட்டினேன். ஒரு கேள்வியும் இல்லாமல் சில வினாடிகளில் முடிந்தது.

மதியம் சக ஊழியர் வந்து, "காலையில நிரப்பி வச்ச படிவம் வெறுமையா இருக்கே" என்றார். முதல் நாள் நான் கையால் போட்ட படிவங்களில் பதினான்கை அவர்கள் அதற்குள் நிரப்பியிருந்தார்கள். அத்தனையும் போய்விட்டன. அப்புறம்தான் காப்பி கட்டளையின் உதவிக் குறிப்பைப் படித்தேன். மேலெழுதும் முன் கேட்பதுதான் அதன் இயல்பு. பேட்ச் ஃபைலுக்குள்ளிருந்து ஓடினால் மட்டும் கேட்காது. கேட்க வைக்க /-ஒய் சேர்க்க வேண்டும். காலையில்தான் நிரப்பினார்கள் என்பதால் முந்தின இரவு எடுத்த பேக்கப்பிலும் அவை இல்லை. பதினான்கு பேரையும் மறுபடி தொந்தரவு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் முன்னால் நிற்க மனசு கஷ்டப்பட்டது.

இப்போது காப்பிக்கு முன் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்' போட்டு, அந்தப் பெயரில் ஃபைல் இல்லாத ஃபோல்டரில் மட்டும் போடச் சொல்கிறேன். முதல் தடவை காப்பிக்கு முன்னால் 'எக்கோ' சேர்த்து ஓட்டுவேன். எதுவும் நகலாகாது, எங்கெங்கே போகப்போகிறது என்பது மட்டும் திரையில் வரும். அதை வரிவரியாகப் படிக்காமல் நிஜ ஓட்டத்துக்குப் போவதில்லை.

* * *

உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையது நினைவுக்கு வந்தது. அனுமதி பற்றி ஏதோ பிழை காட்டியதால் பேட்ச் ஃபைலை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். அப்படி ஓட்டினால் தொடங்கும் இடம் நம் ஃபோல்டர் இல்லை, விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை வைத்திருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டர். அதன் சப்ஃபோல்டர்களில் எல்லாம் என் ஃபைல் போய் உட்கார்ந்துவிட்டது. பெயரை வைத்துத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினேன். இப்போது என் ஃபைல்களின் தொடக்கத்தில் சிடி /டி "%~டிபி0" கட்டாயம் இருக்கும். பேட்ச் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கேயே அது போய் நிற்கும்.

* * *

எனக்கு நடந்தது வேறு. நான் ஃபோல்டர் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பட்டியலாக வைத்து, ஃபைலை வரிவரியாகப் படிக்கும் ஃபார் /எஃப் கொண்டு படித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைலை காப்பி செய்யச் சொன்னேன். 'திட்டம் 7', 'திட்டம் 8' என்று அறுபது பெயர்கள். அது இடைவெளியில் வெட்டி முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. 'திட்டம்' என்று ஃபோல்டரே இல்லை. காப்பி அதற்குப் பிழை காட்டாமல், அந்தப் பெயரிலேயே ஒரு ஃபைலை உருவாக்கி, அறுபது முறையும் அதன்மேலேயே எழுதியது. ஒவ்வொரு முறையும் ஒரு ஃபைல் நகலானது என்றே திரையில் வந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

எந்தக் குறியிலும் வெட்டாதே என்று சொல்லும் "டெலிம்ஸ்=" சேர்த்ததும் பெயர் முழுதாக வந்தது. போய்ச் சேரும் ஃபோல்டரின் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து, கடைசியில் ஒரு \ போடுங்கள். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டால் ஃபைலை உருவாக்காமல் பிழை என்று சொல்லிவிடும்.