கில்ட் தைக்கக் குடுக்கப் போறேன், பின்னாடி மடிப்பு எப்படி வைக்கச் சொல்றது?

கிளாஸ்கோக்காரன்:
கூட வேலை பாக்குற நண்பனோட கல்யாணம் வருது. கில்ட்டை, அதான் ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டுற மடிப்பு வச்ச கட்டம் போட்ட பாவாடையை, வாடகைக்கு எடுக்காம சொந்தமா தைச்சிடலாம்னு கடைக்குப் போனேன். மடிப்பு செட்டுக்கா ஸ்ட்ரைப்புக்கான்னு கேட்டாங்க, ஒண்ணும் புரியாம நாளைக்கு சொல்றேன்னு வந்துட்டேன். முன்னாடி தட்டையா தானே இருக்கு, பின்னாடி எப்படி மடிச்சா என்ன, அவ்ளோ வித்தியாசம் தெரியுமா?

ஊசிநூல்:
நல்லாவே தெரியும் தம்பி, கில்ட்டோட அழகே பின்னாடி தான் இருக்கு. டார்ட்டன்ல, அதாவது கில்ட் தைக்கிற கட்டம் போட்ட துணில, ஒரு கட்டம் முழுசா வந்து திரும்ப ஆரம்பிக்குதுல்ல, அது தான் செட். செட்டுக்கு மடிச்சா ஒவ்வொரு மடிப்புலயும் கட்டத்தோட அடுத்த துண்டு வெளிய தெரியும், சேர்த்துப் பாத்தா மடிப்பே இல்லாத மாதிரி முன்பக்க டிசைன் அப்படியே பின்னாடியும் ஓடும். ஸ்ட்ரைப்புன்னா எல்லா மடிப்பு நடுவுலயும் ஒரே கோடு தான் நிக்கும். எதுவா இருந்தாலும் இடுப்புலேர்ந்து புட்டம் வரைக்கும் தைச்சு இறுக்குற இடத்தைப் பாருங்க, அங்க ஒவ்வொரு மடிப்பும் மேல போகப் போக ஒடுங்கணும், அப்பவும் கோடு கோணக்கூடாது. கைத்தையல்ல அது ஒழுங்கா வந்திருந்தா தைச்சவங்க கெட்டிக்காரங்க.

டிரம்காரன்:
நான் பைப் பேண்ட்ல, அதாவது பேக்பைப்பும் டிரம்மும் வாசிக்கிற குழுவுல வாசிக்கிறேன், எங்களுக்கு ஸ்ட்ரைப் தான், அது பட்டாளத்து வழக்கம். கார்டன் ஹைலேண்டர்ஸ்னு முன்னாடி இருந்த ஸ்காட்லாந்து பட்டாளத்தோட கில்ட்ல பின்னாடி வரிசையா மஞ்சக் கோடா நிக்கும், நடக்கும்போது மடிப்பு விரிய விரிய உள்ள இருக்கிற பச்சையும் நீலமும் வந்து வந்து மறையும், பாத்துட்டே இருக்கலாம். ஆர்கைல்ங்கிற இன்னொரு பழைய பட்டாளத்துல பாக்ஸ் ப்ளீட், அதாவது ரெண்டு பக்கமும் உள்ள மடிஞ்ச பட்டை மடிப்பு. மத்தபடி இப்ப கடையில தைக்கிறது பெரும்பாலும் நைஃப் ப்ளீட், எல்லா மடிப்பும் ஒரே பக்கமா சாயும், 8 கஜம் வரைக்கும் துணி இழுக்கும். 1790கள்ல தைச்ச பழைய கில்ட்டெல்லாம் பாக்ஸ் ப்ளீட் தான், சுமார் 4 கஜத்துலயே முடிஞ்சிடும், போட இலேசா இருக்கும்.

கிளாஸ்கோக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. என் துணில கட்டம் ரொம்பப் பெருசு, அதனால ஏதாவது மாறுமா?

ஊசிநூல்:
மாறும். கட்டம் பெருசுன்னா ஒரு மடிப்பே நிறைய துணி சாப்பிடும், அதே 8 கஜத்துல மடிப்பு எண்ணிக்கை குறையும். கல்யாணத்துக்கு செட்டே வைங்க, சாந்தமா இருக்கும். துணில பளிச்னு ஒரே ஒரு கோடு இருந்தா மட்டும் ஸ்ட்ரைப்பைப் பத்தி யோசிங்க. தைச்சு வாங்கினதும் கீழ் ஓரத்துல மடிப்பு கலையாம இருக்க ஓட்டின நூலைப் பிரிச்சிட்டு போடுங்க, உக்காரும்போது பின்னாடி கையை விட்டு மடிப்பை நீவி விட்டுட்டு உக்காருங்க.