புது எஃப்.என்.பி.க்கு முதல் வேலை: ப்ரைமரி கேரா, கார்டியாலஜியா?

கேள்வி: நான் புது எஃப்.என்.பி. (ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர், அதாவது நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதற நர்ஸ்). டெக்சஸில் ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. ஒண்ணு குடும்ப மருத்துவ கிளினிக் (ப்ரைமரி கேர்), இன்னொண்ணு கார்டியாலஜி (இதய நோய்). எதை எடுக்கலாம்?

பதில் 1: கார்டியாலஜின்னா கிளினிக் மட்டுமா, ஐசியு ரவுண்ட்ஸும் உண்டான்னு முதல்ல கேளுங்க. எஃப்.என்.பி. படிப்பு ப்ரைமரி கேருக்கானது. ஐசியு நோயாளிகளைப் பார்க்க அக்யூட் கேர் (தீவிர நோய் சிகிச்சை) சான்றிதழ் வேணும். ப்ரைமரியில் சிரமம் வேற மாதிரி. ஒரே நோயாளிக்கு ஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை அளவு) 9.2, பிபி 158/94, கூடவே முழங்கால் வலி, எல்லாம் ஒரே 20 நிமிஷத்தில். இன்னைக்கு எதைத் தொடணும், எதை ரெண்டு வாரம் தள்ளலாம்னு பிரிக்கத் தெரியணும். ஆனா அந்தப் பழக்கம் எந்தத் துறைக்குப் போனாலும் உதவும். ஸ்பெஷாலிட்டியில் ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு ப்ரைமரிக்குத் திரும்பறதுதான் கஷ்டம்.

பதில் 2: துறையை விட ஒப்பந்தம் முக்கியம்ங்க. மூணாவது மாசம் நாளுக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்கணும்? லேப் ரிசல்ட், மருந்து ரீஃபில், நோயாளிகள் ஆன்லைனில் அனுப்பற போர்ட்டல் மெசேஜுக்குத் தனி நேரம் உண்டா? இல்லைன்னா ராத்திரி வீட்டில்தான் முடிப்பீங்க. மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்கு) இன்சூரன்ஸ் 'கிளெய்ம்ஸ்-மேட்' வகைன்னா, அதாவது பாலிசி இருக்கும்போது வர்ற வழக்குக்கு மட்டும்தான்னா, வேலையை விட்டப்புறம் வர்ற வழக்குக்கு 'டெய்ல்' கவரேஜ் தேவை. அதுக்கு யார் பணம் கட்டறதுன்னு எழுத்தில் வாங்குங்க. டெக்சஸில் மருந்து எழுத டாக்டரோட எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அவர் விலகினா மாற்று யாருன்னும் கேளுங்க.

பதில் 3: படிப்புக் கடன் இருந்தா ப்ரைமரிக்கே என் ஓட்டு. நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர்ங்கற அமெரிக்க அரசுத் திட்டத்தோட கடன் உதவிக்கு, அவங்க அங்கீகரிச்ச இடத்தில் 2 வருஷம் வேலை செய்யணும். கார்டியாலஜி அதில் சேராது.